அப்பாவின் கத்திக்கு ஒரு துணி வார்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் லவனுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இந்தச் சின்ன பிளாட்டில் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் அப்பாவுக்குக் கேட்கும். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததே தவிர காது பழுதில்லை. வாயில்தான் எதைக் கேட்டாலும் “ஓம்” என்ற ஒரு சொல் மட்டும் வரும், அது உனக்குத் தெரியும். உன்னோடு படித்த சுபோதினி நாளைக்குக் கனடா வருகிறாள், அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உனக்கு ஒன்றை மறைத்துவிட்டேன். போன மாதம் அப்பாவைக் குளிக்க வார்க்கும்போது இருவருமாக வழுக்கி விழுந்தோம். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் என்னால் அவரைத் தூக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. மேல்மாடி ஷிம்னாவுக்கு என் குரல் கேட்கும்வரை ஈரத்தில் அப்படியே கிடந்தோம். அன்றிலிருந்து இடுப்பு சரியில்லை, மனமும் சரியில்லை. அடுத்த கிழமை, மருந்து வாங்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஹெந்தளையில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். துப்புரவான இடம். விண்ணப்பத்தோடு அப்பாவின் புதுப் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். ஐந்து மாதத் தாடியோடு எப்படிப் படம் எடுப்பது? நீ அனுப்பிய சவர மெஷினின் சத்தம் காதுக்குக் கிட்ட வந்தாலே தலையைத் திருப்பிவிடுவார். சலூன் றேமண்டை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாய் கோணிய பக்கம் சதை தளர்ந்து கிடப்பதால் அவருடைய பிளேடு வெட்டிவிட்டது. இரத்தம் இளக்கும் குளிசை போடுகிற உடம்பு, அரை மணித்தியாலம் துவாயால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா இடது கையால் அலுமாரியையே காட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய பழைய மடக்குச் சவரக்கத்தி இருந்தது. றேமண்ட் அதை விரித்துப் பார்த்துவிட்டு, “நல்ல கத்தி ஆன்டி, ஆனா வாரிலை தீட்டாமல் முகத்திலை வைக்கக் கூடாது, இழுக்கும்” என்றார். கத்தி தீட்டுகிற தோல் வாரோ பூஞ்சணம் பிடித்து வெடித்துப் போயிருந்தது. தடித்த துணியிலும் வார் செய்யலாம், ஜீன்ஸ் துணி என்றாலும் காணும் என்று அவரே சொன்னார்.

உன் நீல ஜீன்ஸைத்தான் வெட்டினேன், மகன். போகும்போது பெட்டியில் இடமில்லை, வந்து போடுகிறேன் என்று விட்டுப் போனாயே, அது. பதினொரு வருடமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். ஷிம்னா கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, “ஆன்டி, மெய்யாவே வெட்டட்டா?” என்று இரண்டு தரம் கேட்டாள். ஜீன்ஸின் ஒரு காலை மூன்று விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இரண்டாக மடித்து, சுருக்கம் விழாமல் மெஷினில் தைத்துத் தந்தாள். ஒரு முனையில் திரைச்சீலை வளையம் போட்டு ஜன்னல் கம்பியில் கொழுவினேன். மறுமுனையை இழுத்துப் பிடித்துக் கத்தியை முன்னுக்குத் தள்ளினேன், துணி குறுக்கே அறுந்து போய்விட்டது. றேமண்ட் பிறகுதான் சொன்னார், கூர்ப்பக்கத்தை முன்னுக்கு வைத்துத் தள்ளக் கூடாதாம், கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர வேண்டுமாம். அதை முதலே எனக்கு யார் சொன்னது? அப்பா கோபத்தில் தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டார். நானும் வாயில் வந்ததெல்லாம் ஏசிவிட்டேன். பிறகு தரையைத் துடைத்துக்கொண்டு இருந்து அழுதேன். அவருக்கு முன்னால் அழுதது அதுதான் முதல் தரம்.

அடுத்த நாள் மற்றக் காலையும் வெட்டினோம். இந்த முறை துணியைக் கொதிநீரில் துவைத்துக் காயவிட்டு, காய்ந்த வெள்ளைச் சவர்க்காரத்தை மேலே தேய்த்து, போத்தலின் அடியால் வழுவழுப்பு வரும்வரை உரசினேன். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்து, போதாது போதாது என்று கையைக் காட்டினார். பிறகு மெல்ல இழுக்கத் தொடங்கினேன். முனைக்குப் போனதும் கத்தியைக் கூரின் மேலாக மறுபக்கம் புரட்டப் பார்த்தேன். அப்போது பின்னால் ஒரு குரல், “முதுகாலை திருப்பு.” நான் ஷிம்னாவின் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அறையில் அப்பா மட்டும்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை படம் காட்டிக் காட்டிக் களைத்துப் போனது, லவன். எத்தனையோ கிழமை. இது தானாக வந்தது. திரும்பச் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன், வரவில்லை. நாற்பது தரம் போலத் தீட்டிவிட்டு அவருக்கு நுரை பூசினேன். கத்தியைக் கன்னத்தில் வைத்தேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், கோணிய பக்கம் முழுவதும் வழித்து முடியும்வரை விடவில்லை. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை.

காலி வீதி ஸ்டூடியோவில் படமும் எடுத்தோம். வீட்டுக்கு வந்து, அந்தப் படம் எதற்கு என்பதைச் சொன்னேன். இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் என்கிற மனிதர் அன்றைக்கு ஓம் என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை. முகத்துவாரத்திலிருந்து ஜீவராணி என்ற பெண் விடியப்புறம் வந்து குளிக்க வார்த்துவிட்டுப் போக ஒத்துக்கொண்டிருக்கிறாள். செய்தது சரியோ தெரியாது. இடுப்பு நோகிற நாளில் பிழை செய்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. என்னைப் பெரிய மனுசி என்று நினைத்துவிடாதே, களைத்துப் போயிருக்கிறேன்.

நீ குளிரில் கழுத்தைப் போர்த்திக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளோடு சத்தம் போடாதே. சின்னவளின் இருமலுக்கு வைத்தியரிடம் காட்டினாயா? வரச்சொல்லிக் கேட்கவில்லை, உன் வேலைநிலை எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் செய். சனிக்கிழமைகளில் என்னோடு கதைத்து முடிய, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டு, வெறும் ஓமோடு விடாமல் பொறுத்திரு. லைன் போய்விட்டதாக்கும் என்று வைத்துவிடாதே. எவ்வளவு நேரம் போனாலும் பொறுத்திரு, அவர் அங்கேதான் இருப்பார்.

எல்லா நலமும் பெற்று நீங்கள் மூவரும் நெடுங்காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
சரோஜினிதேவி நாகேந்திரம்