மீனுக்கு நின்ற ரத்தம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போனில் நீ அழுகிறாய், நானும் பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

எங்கள் ஆய்வகத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை டாக்டரிடம் காட்டினாயாம். "எங்க அக்காவே மருந்து கண்டுபிடிச்சிட்டா. அப்புறம் எதுக்குப் புள்ள தலையைத் திறக்கணும்?" என்று கேட்டாயாம். மாப்பிள்ளை சொன்னதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். உடம்பில் கோடு போட்ட சின்ன மீன்கள். முட்டைக்குள் உயிர் ஒரே செல்லாக இருக்கும்போதே ஊசி போட்டு, ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை முடக்குகிறோம். அது செல்லுக்குள் இருக்கும் துணுக்கிலும் துணுக்கு. சில மரபணுக்களை அளவு மீறாமல் அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் ரத்தக் குழாய்கள் கண்டபடி கிளைக்கின்றன, சுவர் பலமில்லாமல் தலைக்குள் கசிகின்றன. குஞ்சு கண்ணாடி மாதிரி இருப்பதால் அந்தச் சிவப்பு அப்படியே தெரியும். முடக்கிய அதையே வெளியிலிருந்து ஈடுகட்டிக் கொடுத்தபோது பல குஞ்சுகளுக்குக் கசியவில்லை. அதுவரை உண்மை.

ஆனால் அதையும் முட்டையிலேயே கொடுத்தோம், குழாய்கள் முளைப்பதற்கு முன்பே. நம் பட்டுவுக்குக் குழாய்கள் உன் வயிற்றிலேயே முளைத்து முடிந்துவிட்டன. அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொட்டு மருந்துகூட இல்லை. 'மருந்து' என்ற வார்த்தையை எழுதியது நிருபரா, சொன்னது எங்கள் பேராசிரியரா, எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அவள் தலைக்குள் ஏற்கெனவே கசிந்த இடம் மறுபடி கசியும் என்கிறார் டாக்டர். ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை. ஆனாலும் என் மீன்களை நம்பிக் காத்திருக்காதே அம்மா. சம்மதம் கொடு. நான் கிளம்பி வருகிறேன்.

"மீனுக்கு ஊசி போட்டா அழுமா பெரியம்மா?" என்று பட்டு கேட்டாளே, அழாது என்று சொல். நேரில் வந்து மீதியைச் சொல்கிறேன்.

உன் அக்கா

*

தங்கைக்கு,

பிரித்துப் படிப்பாயோ, அப்படியே கிழித்துப் போடுவாயோ. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்தபோது நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "நீ சொன்னேன்னுதான் குடுத்தேன்" என்றாய். உன்னைச் சமாதானப்படுத்த நான் எழுதவில்லை. காத்திருந்தாலும் பட்டு போயிருப்பாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரியாது.

வேலைக்குத் திரும்பினேன். பத்திரிகைச் செய்தியைத் திருத்தச் சொன்னேன். "அவங்க அப்படித்தான் எழுதுவாங்க, விடும்மா" என்றார் பேராசிரியர். நானே எழுதிப் போட்டேன். உள்பக்க மூலையில் இரண்டு வரி வந்தது. குஞ்சுகளின் தலையில் சிவப்பைக் கண்டால் தட்டை மூடி வைத்துவிடுகிறேன். ஊசி போடும் வேலையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

எழுத வந்தது வேறு. பட்டுவின் ரத்தத்தைச் சோதித்ததில், இந்தக் கசிவு குடும்பத்தில் வரும் வகை என்று தெரிந்ததாம். மாப்பிள்ளைக்கு இல்லை. எனக்கும் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. மிச்சம் இருப்பது நீதான். உனக்கு அடிக்கடி தலை வலிக்கிறதென்றும், ஸ்கேன் என்றாலே எழுந்து போய்விடுகிறாய் என்றும் மாப்பிள்ளை சொன்னார். "எனக்கு எதுக்கு இனிமே?" என்கிறாயாமே.

என்னோடு பேச வேண்டாம். என் வீட்டு வாசல்படி மிதிக்க வேண்டாம். ஸ்கேனுக்கு மட்டும் போ. என்னவென்று மாப்பிள்ளை சொன்னால் போதும். நீ ஆயுசோடு இரு, தாயே. என்னை வெறுப்பதற்காவது இரு.

அக்கா