அசையாத நாற்பது நிமிடம்

மார்ச் 4
தம்பிக்கு ஸ்கேன். நான் வேலை பார்க்கிற மிஷினில், நானே எடுத்தேன். மனச்சிதைவுக்கு மருந்து தொடங்குமுன் ஒரு படம், ஆறு வாரம் கழித்து ஒரு படம். யாருக்கு எந்த மாத்திரை கேட்கும் என்று மூளையின் படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா என்பது டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. நான்தான் அவனைச் சேர்த்துவிட்டேன்.

உள்ளே போனவன் சும்மா படுத்தானா? தலையை ஆட்டி ஆட்டி அந்த ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான் — அவன் காதுக்குள் மட்டும் பேசுகிற ஆளுக்கு. மைக்கில் கத்தினேன். "டேய், கொஞ்ச நேரம் வாயை மூடிட்டுப் படுடா!" படம் முழுக்கக் கோடு கோடாக வந்தது.

மார்ச் 5
கத்தியிருக்கக் கூடாது.

மார்ச் 19
மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம். கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "அந்த ஆள் இருக்கானா?" என்று தினமும் நச்சரிக்கிறேன். "இருக்கான்" என்கிறான். எரிச்சலாக வருகிறது. யார்மேல்?

ஏப்ரல் 2
பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "போயிட்டான்க்கா." அம்மா கேவிக் கேவி அழுதாள். நான் வேலைக்குப் போய் வாட்ச்மேனிடம்கூடச் சொன்னேன்.

ஏப்ரல் 15
இரண்டாவது ஸ்கேன். நாற்பது நிமிடம், இம்மிகூட அசையவில்லை. என் பதினோரு வருட சர்வீஸில் இவ்வளவு தெளிவான படம் பார்த்ததில்லை. டாக்டரம்மா அவனிடம் கேள்விகள் கேட்டு மார்க் போட்டார். "மருந்து நல்லா கேட்டிருக்கு" என்று குணமாகிறவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "எப்படிடா கல்லு மாதிரி கெடந்தே?"

"அசைஞ்சா உங்கக்காவைக் கொன்னுடுவேன்னு சொன்னான்க்கா."

"யாரு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இருக்கான்னு சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது. அதான் போயிட்டான்னு சொன்னேன்."

ஐயோ, என் கண்ணே. நான் சாகக் கூடாதுன்னு நாற்பது நிமிஷம் பயத்துல விறைச்சுக் கெடந்திருக்கான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, படம் பிரமாதம்னு பூரிச்சுப் போயிருக்கேன். பாவி. நான் ஒரு பாவி.

ஏப்ரல் 16
டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த ஆள் இருக்கானா போயிட்டானான்னு எனக்கு இதுல தெரியலையேம்மா" என்றார். பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, வேறு மருந்து எழுதினார்.

ஜூன் 20
அதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9
இது மூன்றாவது மருந்து. மருந்து ரத்தத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க, வாரா வாரம் குத்தி எடுக்கிறார்கள். உடம்பு ஊதிவிட்டது, மத்தியானம் வரை தூங்குகிறான், தலையணை முழுக்க எச்சில்.

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"இருக்கான்க்கா. முன்னை மாதிரி கத்தல" என்றான், என் முகத்தைப் பார்த்தே.

"என்ன சொல்றான்?"

"உன்னைத்தான் திட்டுறான்."

"திட்டட்டும். நீ சாப்பிடு."

தட்டை நீட்டினான். இன்னும் கொஞ்சம் போட்டேன்.