இரண்டு கிளாஸ் டீயும் ஒரு பூனையும்

தரங்கம்பாடி
18-1-1973

அன்பு மகன் கபீருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்க்குத்தான் ஓய்வில்லை. பினாங்கில் நீயும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

நீ வரைந்த பூனை வந்து சேர்ந்தது. கருப்பு முதுகு, சிவப்பு வயிறு, நாலு காலும் ஒரே பக்கம், நிலா இருக்க வேண்டிய இடத்தில் பூனையைவிடப் பெரிய மீன். அது வந்த நேரம் அறுப்புக் கூலிச் சண்டை நம் வாசலில் நடந்துகொண்டிருந்தது. செங்கொடிச் சங்கத்து வீரையன் ஒரு பக்கம், வாப்பா ஒரு பக்கம், சமாதானம் பேச வந்து இருவரிடமும் திட்டு வாங்கிய உன் லியாகத் அலி மாமா நடுவில். மாமா படத்தைப் பிடுங்கினார். கருப்பு, சிவப்பு, நம்ம கொடிதான், கடல் தாண்டியும் மருமவன் கட்சியை மறக்கலை பாருங்க என்றார். வீரையன் எட்டிப் பார்த்து, முதுகை நீங்க வச்சுக்கங்க பாய், வயிறு எங்க பக்கம் என்றான். வாப்பாவே சிரித்துவிட்டார். கூலி முடியவில்லை. நான் பொரித்து வைத்த இறால் வாடாவை ஒரே தட்டில் தின்றுவிட்டு, மிச்சச் சண்டை நாளைக்கு என்று எழுந்து போனார்கள்.

தொழுகிற அறையில் உருவப்படம் ஆகாது. பூனை அடுப்படிச் சுவருக்கு வந்தது. ஆண்கள் மறந்தார்கள். நான் மீன் கழுவினால் பார்க்கிறது, குழம்பு கொதித்தால் பார்க்கிறது. நானும் பார்த்தேன். ஒருநாள் பூனையை விட்டு, அதன் காலடியில் நீ வரைந்திருந்த பாயின் ஓரத்துக்குக் கண் போயிற்று. பூனை ஒன்று. டீ கிளாஸ் இரண்டு. ஒன்றின் கீழே பூப்போட்ட சாசர். நீங்கள் ஆண்களாகத் தங்கும் கடை மாடியில் பூப்போட்ட சாசர் ஏது மகனே?

காரணமாகத்தான் கேட்கிறேன். மீரா உசேன் மகள் லத்தீஃபாவை உனக்குப் பேசியிருக்கிறார் வாப்பா. அறுப்பு முடிந்ததும் சீனித் தட்டு மாற்றி நிச்சயம். கூலிச் சண்டை நீள வேண்டுமென்று நான் துஆ கேட்டது அவருக்குத் தெரியாது. நேற்று அவரே கேட்ட கூலிக்கு இறங்கிப்போய்விட்டார், நாளை வயலில் அரிவாள் இறங்குகிறது. நல்ல சீனி கடையில் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் சொல்வது? சீனி மாறிய பிறகு நீ மாறினால் ஊர் லத்தீஃபாவைத்தான் பேசும். அது கூடாது. சாசர்காரி யார், எந்த வீட்டுப் பெண் என்று எனக்குத் தனியாக எழுது. வாப்பாவைப் பார்த்துக்கொள்வது என் பாடு.

தலைக்கு எண்ணெய் வை. தொழுகையை விடாதே. நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் உனக்கு அல்லாஹ் தருவானாக. ஒன்று மட்டும் மறக்காதே. அறுப்பு முடிவதற்குள் பதில் வராவிட்டால், இரண்டு கிளாஸையும் அந்தப் பூனையே குடித்தது என்று வைத்துக்கொண்டு நான் சீனி வாங்கிவிடுவேன்.

உன் உம்மா
கமருன்னிஸா