பிரஷர் பார்க்க ஒரு சட்டம்

அனுப்புநர்:
திருமதி ஜெயகௌரி சிவதர்ஷன்,
சாரதிப் பயிற்றுநர்,
மனோர் பார்க், லண்டன்.

பெறுநர்:
எமது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் அவர்கள்,
லண்டன்.

பொருள்: பிரசவித்த பெண் தலையிடி என்று சொன்னால், அவளது நிறத்தைப் பார்க்காமல் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும்படி சட்டம் இயற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று தங்கள் அலுவலகம் அறிவித்திருப்பதால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் காரத்தைக் குறைக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பதினொரு வருடங்களாகக் கார் ஓட்டப் பழக்குகிறேன். தேர்த் திருவிழா நாளில், முருகன் கோயிலடியில், மாணவர்களைக் கொண்டு காரைப் பின்னுக்கு எடுப்பித்தவள். இலகுவில் பதறமாட்டேன்.

2. சென்ற வருடம் மார்ச் மாதம் என் மகள் துஷ்யா பிறந்தாள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் தலை பிளப்பதுபோல் இடித்தது. கண்ணுக்குள் வெளிச்சப் பொட்டுகள் பறந்தன. காலை பத்து மணிக்குக் கணவர் என்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்.

3. அங்கிருந்த மருத்துவிச்சி, முதல் பிள்ளையென்றால் ஆசியத் தாய்மார் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுவார்கள் என்று சிரித்தபடி சொல்லி, இரண்டு பனடோல் மாத்திரை தந்தார். நான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். அவர் பேசியது ஹிந்தி. நானும் அவரும் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டோம். அந்தக் காலையில் என்னிடம் சுகமா என்று உண்மையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

4. நான்கு மணித்தியாலம் இருந்தேன். தலையிடியை மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லி முடித்தேன். என் கோப்பில் "அமைதியாக இருக்கிறார்" என்று பதிந்திருந்ததைப் பின்னர்தான் கண்டேன்.

5. இரண்டு மணிக்குத் தேநீர் கொடுக்க வந்த ஊழியர் சற்குணம் அக்கா என்னைக் கண்டதும், "பிள்ளை, முகம் ஏன் இப்பிடி வீங்கியிருக்கு? பிரஷர் பாத்தவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தேநீர் வண்டியை நடைபாதையில் விட்டுவிட்டு, வைத்தியரின் கதவை மறித்து நின்று, அவர் வரும்வரை விலக மறுத்தார். வைத்தியர் வந்து அளந்தபோது மேல் எண் நூற்றுத் தொண்ணூறு. அடுத்த நிமிடம் எனக்கு வலிப்பு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கிடந்தேன். மகளைக் கணவரின் தொலைபேசிப் படத்தில்தான் பார்த்தேன்.

6. என் முறைப்பாட்டுக்கு வைத்தியசாலை பதில் அனுப்பியது. நான் சொன்னதைக் கேட்கவில்லை என எனக்குத் "தோன்றியிருந்தால்" வருந்துகிறார்களாம். எனக்குத் தோன்றியது வலிப்பு, ஐயா.

7. இதில் தண்டிக்கப்பட்டவர் சற்குணம் அக்கா ஒருவரே. நடைபாதையில் வண்டியை விட்டதற்காக அவருக்கு எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

8. சட்டம் என்னிடம் மட்டும் சுறுசுறுப்பாக வந்தது. வலிப்பு வந்தவள் ஆறு மாதம் கார் ஓட்டக்கூடாது என்றார்கள், கீழ்ப்படிந்தேன், நியாயம்தான். ஆனால் பிரஷர் பார்ப்பது பற்றிக் கேட்டால் "வழிகாட்டல்" என்கிறார்கள். சிவப்பு விளக்கில் நிற்பது வெறும் வழிகாட்டல் என்று என் மாணவர் ஒருவர் சொன்னால், அவரை அந்த இடத்திலேயே இறக்கிவிடுவேன்.

9. பிரசவத்தில் கறுப்பினப் பெண்களும் ஆசியப் பெண்களும் வெள்ளையினப் பெண்களைவிடக் கூடுதலாக இறக்கிறார்கள் என்று இந்நாட்டு அறிக்கைகளே வருடாவருடம் சொல்கின்றன. அறிக்கைக்குக் குறைவில்லை. ஆகவே சட்டம் கேட்கிறேன்: பிரசவித்தவள் தலையிடி என்றால் அரைமணிக்குள் பிரஷர் பார்க்க வேண்டும், அவள் சொன்னதை அவள் சொன்னபடியே பதிய வேண்டும், எந்த இனத்தவர் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் தப்பினார்கள் என்பதற்கு ஒவ்வொரு வைத்தியசாலையும் பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். சற்குணம் அக்காவின் எச்சரிக்கையை நீக்க ஒரு கடிதம் போதும். அதைத் தாங்கள் இன்றே எழுதலாம்.

சட்டமூலங்களுக்கு நேரம் ஒதுக்குவது கடினம் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு இப்போது ஐந்து மாதம். அதே வைத்தியசாலை. எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நேரம் ஒக்டோபர் இரண்டாவது வாரம். அதற்குமுன் ஆவன செய்வீர்களென எதிர்பார்த்திருக்கும்,

ஜெயகௌரி சிவதர்ஷன்
(ஒப்பம்)

இடம்: மனோர் பார்க்
திகதி: 12.06.2025