மேல் அறை

ஞாயிறு, இரவு.

மட்டக்களப்பில இருந்து பெண் வீட்டார் வந்திட்டுப் போயிட்டினம். பாரை மீன் குழம்பு வைச்சனான். தங்கட வாவி மீனுக்குக் கிட்டவும் வராதாம் எண்டார் பெண்ணின்ர தகப்பன். எங்கட கடலும் அவருக்குப் பயமாம், கரையிலேயே ஆழமாம். கேட்டுக்கொண்டு இருந்தனான்.

சாப்பிட்ட பிறகு தாய்க்காரியை மேல கூட்டிக்கொண்டு போய்ப் புது அறையைக் காட்டினன். மகனும் மருமகளும் இருக்கவெண்டு கட்டினது. யன்னலையும் திறந்துவிட்டன், துறைமுகம் முழுக்கத் தெரியட்டும் எண்டு.

"வடிவான அறை. மறுகா, கலியாணத்துக்குப் பிறகு, பிள்ளையள் ரெண்டுபேரும் இங்க வந்து நிக்கக்குள்ள படுக்கலாம்," எண்டா.

எனக்கு விளங்கேல்ல. அவவே சொன்னா. அவையின்ர பக்கத்தில கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் பெண்ணின்ர வீட்டுக்குப் போறதாம். அங்க வீடும் கட்டி முடிஞ்சுதாம்.

"தம்பி சொல்லலையா? படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில இருந்து மாற்றத்துக்கும் எழுதிக் குடுத்திட்டார். ஒரே மாகாணம்தானே, லேசாக் கிடைக்கும்."

மகன் அறை வாசல்ல நிண்டவன். திரும்பிப் பாத்தன். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

கீழ வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டனான். அவை ஏறி வான் வெளிக்கிட, கையும் காட்டினனான். அழுகை வரேல்ல. கோபமும் வரேல்ல. கோப்பைகளைக் கழுவி வைச்சன்.

படுக்கப் போக முதல் மகன் குசினிக்கு வந்தான்.

"அம்மா, நீங்கள் வந்து நிக்கிறதுக்கு அங்க எங்கட வீட்டில ஒரு அறை இருக்கு."

"ஓம்" எண்டனான்.

மேல யன்னல் காத்துக்கு அடிச்சுக்கொண்டு கிடக்குது. திறந்து காட்டினது நான்தான். போய்ப் பூட்ட வேணும். எழும்ப ஏலாமல் கிடக்கு.