காயாத கருப்பு

இம்மாத முதல் வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில், நெடுங்காலம் பேசப்படப்போகிற ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கூடத்தில் தொங்கும், நீ தீட்டிய ஓவியத்தைப் பூஜை அலமாரிக்கு மாற்றுவது என்று என் மனைவி முன்மொழிந்தாள், அவளே வழிமொழிந்தாள். ஆணி அடிக்கும் பொறுப்பு எனக்கு. சட்டத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபோது எரிந்த நெய்யின் வாசனை வந்தது. நீ உலகத்தை விட்டுப் போய் மூன்று வருடமாகியும் அது போகவில்லை.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்த பிறகு வேங்கிக்கால் நில அளவை அலுவலகத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தோம். பகலெல்லாம் நிலங்களின் வரைபடத்தில் வரப்புக்கு வரப்பு பிசகாமல் கோடு இழுப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில், செங்கம் சாலையில் இருந்த உன் வாடகை அறையில், ஊர் மலையை வரைவதாகச் சொல்லிக்கொண்டு சிவப்புப் பரப்பில் ஒரு கருப்புத் திட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாய்.

"இதுல மலை எங்கய்யா?"

"ஜன்னலைத் திற. வெளிய நிக்குது பாரு. அதையே இன்னொரு தடவ எதுக்கு வரையணும்?"

உனக்கு வரைய வராது என்று முடிவு கட்டினேன். சோதித்தும் பார்த்தேன். டீக்கடையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "எங்க, ஒரு மலை போடு" என்றேன். டீ ஆறுவதற்குள் போட்டாய்: உச்சி, சரிவு, பாறை இடுக்கில் முளைத்த புல் வரை. கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேல் ஒட்டிக்கொண்டார். என் சந்தேகம் ஜாஸ்தியானது. வரையத் தெரியாதவன் அரூப ஓவியம் தீட்டுவது புரிகிறது. தெரிந்தவன் தீட்டினால் எதையோ மறைக்கிறான் என்றுதானே பொருள்?

மறைத்துத்தான் இருந்தாய். உன் சட்டைக் கையோரத்தில் எப்போதும் ஒரு கருப்பு. கடைச் சாயம் போல அது காயவில்லை. விசாரித்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாய்: தீப மை. கார்த்திகைக்கு மலையுச்சியில் எரியும் கொப்பரையில் படிகிற கரி. மார்கழியில் நெற்றிக்கு இட்டுக்கொள்ளக் கோயிலில் தருவார்களே, அதை நெய்யில் குழைத்துத் தீட்டியிருந்தாய்.

"மலை மாதிரி வரையல. மலையிலேர்ந்தே கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன்."

"நெய் காயாதேய்யா."

"காய வேணாம். மழைக்கு மலை மாறுது, வெயிலுக்கு மாறுது. இது மட்டும் ஏன் காஞ்சு கெடக்கணும்?"

நான் நம்பவில்லை.

இந்த ஓவியத்தைத் தந்தபோது நீ வைத்த நிபந்தனை ஒன்றுதான். "இதுல இருக்கிறது தீப மைன்னு உன் வீட்ல தெரியக்கூடாது. தெரிஞ்சா கும்புட ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க. இது ஒண்ணாவது படமாவே இருக்கட்டும்." உன் அறையைக் காலி செய்த உறவினர்கள் மற்றதையெல்லாம் மாட்டுக்கொட்டகைக் கூரை ஒழுகலுக்கு விரித்துவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் மனைவி மலையடிவாரத்து அடி அண்ணாமலை கிராமத்துக்காரி, தீப மை இட்டு வளர்ந்தவள். அந்த வெள்ளிக்கு முந்தின நாள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தவள் ஓவியத்தருகே நின்று முகர்ந்தாள்.

"இன்னாங்க, தீப மை வாசனை அடிக்குது?"

"பெயிண்ட்டு."

"பெயிண்ட்டுல யாருங்க நெய் ஊத்துவாங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல? ஐயோ, இதுக்கு எதிர்ல கால நீட்டி டிவி பாத்திருக்கேனே!"

முகமில்லாத மலையைச் சாமி என்று பௌர்ணமிதோறும் சுற்றி வருகிற ஊர் இது. இதில் சாமி எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. உன்னிடம் மட்டும்தான் கேட்டேன். இப்போது அந்த வழக்கத்தை விட முடியவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்க்கிறேன், அதில் மலை எங்கே என்று தேடுகிறேன். வெயில் ஏறும் பாறையில் சிவப்பு தெரிகிறது. அதன்மேல் மேகத்தின் நிழல், ஒரு கருப்புத் திட்டாக நகர்கிறது. நீ பார்த்துத்தான் வரைந்திருப்பாயோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அலமாரியில் உன் ஓவியத்துக்குச் சாமந்தி வைத்திருக்கிறாள். தினமும் குளித்ததும் கருப்பில் விரல் தொட்டு எனக்கும் பிள்ளைகளுக்கும் நெற்றியில் இடுகிறாள். கருப்புத் திட்டின் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது.