அவசரம்

12 ஜூன் 2001, செவ்வாய்

நர்சிங் இறுதி ஆண்டில் இருக்கும் எங்களுக்கு ஆஸ்பத்திரியே வேலை தருகிறது. ஆனால் மூன்று வருடம் வேறெங்கும் போக முடியாதபடி பாண்டு. அதுவரை அசல் சான்றிதழ்கள் அவர்களிடம்தான் இருக்கும். அதில் கார்டியன் கையெழுத்துப் போட இன்று தென்காசியிலிருந்து அப்பா வந்தார். யோசித்துச் சொல்ல ஒரு வாரம் அவகாசம் இருந்தது.

"இதொரு நல்ல அவசரமாணு, கேட்டோ," என்றார் மேட்ரன். நல்ல வாய்ப்பு என்று அர்த்தம். அப்பாவுக்கு மலையாளம் தெரியாது. உடனே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தம்பானூரில் பஸ் ஏறும்போது, "அந்தம்மாவே அவசரம்னு சொல்லுதாவ, நாம யோசிச்சிட்டு நிக்கலாமா பிள்ள?" என்று சிரித்தார்.

சென்னையில் இரண்டு வருட அனுபவம், பிறகு வளைகுடா என்று நான் போட்டிருந்த திட்டம் அவருக்குத் தெரியாது. இனி என் கையெழுத்து மட்டும் பாக்கி.

போடப் போவதில்லை. மேட்ரனிடம் எப்படியோ சொல்லிவிடுவேன். அப்பாவுக்குத்தான் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுத முடியவில்லை. எனக்கு இஷ்டமில்லை என்று மட்டும் எழுதப்போகிறேன். படித்த திமிர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.